சூப்பர்வைசர் சான்றிதழை வாடகைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

3 ஜூன் 2024, பர்கூர் தம்பி ஒருவரின் கேள்வி

டிப்ளமோ ட்ரிபிள் ஈ முடிச்சிட்டு ஓசூர்ல ஒரு கம்பெனியில மெயின்டனன்ஸ்ல இருக்கேன்ணா. எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் தகுதிச் சான்றிதழ் இப்பத்தான் கைக்கு வந்துச்சு. அதுக்குள்ள ஒரு கான்ட்ராக்டர் வீடு தேடி வந்துட்டார். "சான்றிதழை மட்டும் குடு, லைசென்ஸ்ல உன் பேரைக் காட்டிக்கிறேன். நீ சைட்டுக்கே வர வேணாம், மாசாமாசம் ஒரு தொகை போட்டுடறேன்"ங்கிறார். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் எல்லாரும் இப்படித்தானாம். சூப்பர்வைசர்னா ஆளுங்களை வேலை வாங்குறவர்தானே, அதுக்கு நான் அங்க நின்னுதான் ஆகணுமா?

3 ஜூன், இரவு

கொடுக்காதே தம்பி. எனக்கு இப்போது ஷிப்ட், விவரமாக நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. ஒரிஜினலை ஜெராக்ஸ் எடுக்கக்கூட அவர் கையில் கொடுத்துவிடாதே.

4 ஜூன்

ஆளை வேலை வாங்குகிறவர் மேஸ்திரி. சூப்பர்வைசர் அவர் இல்லை.

1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி என்று ஒன்று இருந்தது. பழைய ஆட்கள் இன்றைக்கும் அந்த நம்பரைச் சொல்லித்தான் பேசுவார்கள். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை போக, ஒருவருடைய இடத்தில் புதிதாக வயரிங் செய்வதோ, இருப்பதை நீட்டுவதோ, மாற்றுவதோ எதுவானாலும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்யவேண்டும். தகுதிச் சான்று உள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வையில் செய்யவேண்டும். கம்பியில் கை வைக்கிறவரிடமும் அதற்கான சான்று இருக்கவேண்டும். 2010-ல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தபோது இதே சங்கதி 29-வது பிரிவுக்குப் போனது. 2023-ல் அந்த ஒழுங்குமுறைகளையும் புதுப்பித்துவிட்டார்கள். நம்பர் மாறினாலும் 'நேரடி மேற்பார்வை' மாறவில்லை.

நீ ஓசூரில் ஷிப்டில் இருக்கும்போது அவர் ஆட்கள் ஊத்தங்கரையில் மின் பேனல் ஏற்றுவார்கள். அங்கே உன் பெயரில் நேரடி மேற்பார்வை நடந்ததாகத் தாள் சொல்லும். நாளைக்கு அந்த பேனலில் ஒருவர் அடிபட்டால் மின் ஆய்வாளர் முதலில் கேட்பது, வேலை முடிந்ததாகக் கொடுத்த கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டை. அதன் அடியில் இருப்பது உன் கையெழுத்து. மாசாமாசம் பணம் போட்டவர் "சூப்பர்வைசர் பார்த்து ஓகே சொன்னார் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

4 ஜூன், மதியம்

கான்ட்ராக்டர் லைசென்சில் பெயர் காட்டுகிற சூப்பர்வைசர் அவரிடம் முழுநேர ஊழியராக இருக்கவேண்டும். நீ ஏற்கனவே வேறு கம்பெனி சம்பளப் பட்டியலில் இருக்கிறாய். சான்றிதழுக்கே ஆபத்து, இதையும் கணக்கில் வை.

5 ஜூன்

"அப்ப சூப்பர்வைசருக்கு என்னதான் வேலை?" என்று கீழே இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஒரே வரிதான்: 'இன்னும் சார்ஜ் பண்ணக்கூடாது', அதாவது இன்னும் கரண்ட் கொடுக்கக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் அவர். மற்றதெல்லாம், டிராயிங் படிப்பது, கேபிள் சைஸ் பார்ப்பது, ஆட்களைப் பிரித்து விடுவது, மெட்டீரியல் சரிபார்ப்பது, இந்த ஒன்றுக்கான ஏற்பாடு.

போன வருடங்களில் ஒரு சீசன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி, பெயர் வேண்டாம். மாங்கூழ் யூனிட் எல்லாம் வருடத்தில் சில மாதம்தான் ஓடும். மீதி நாள் பூட்டு. மழை, ஈரக்காற்று, எலி எல்லாம் மோட்டாருக்குள் குடியிருக்கும். நாங்கள் போய் ஷெட்டைத் திறந்தபோது வெளியே பெங்களூரா மாம்பழ லோடு ஏற்றிய லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. பழத்தைக் கூழாக்கும் பல்பர் மோட்டாரின் டெர்மினல் பாக்ஸுக்கு மூடியே இல்லை. எர்த் வயர் பாடியிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. அதை மாட்டி இறுக்கிவிட்டு, கரண்ட் பாடிக்குக் கசியுமா என்று பார்க்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரை, கரண்ட் வரும் பேஸுக்கும் பாடிக்கும் நடுவில் வைத்துச் சுற்றினேன். முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. ஒரு மெகா ஓமாவது காட்டவேண்டும்.

ஓனர் பக்கத்திலேயே நின்றார். "போன வருஷம் ஓடின மோட்டார்தானே, போட்டு விடுங்க, ஓட ஓடக் காஞ்சிடும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வெயிலில் நிற்கிற பழம் அவர் பணம். ஆனால் அந்த மோட்டாருக்கு மூன்றடி தள்ளி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேபிள். அதைச் சுற்றிப் பழம் நறுக்க வரும் பெண்கள் பாதிப் பேர் வெறுங்காலில், ஈரத் தரையில். நான் சார்ஜ் பண்ணவில்லை. மோட்டாரின் எண்ட் கவரைக் கழற்றி, உள்ளே இரண்டு 200 வாட் குண்டு பல்பு எரியவிட்டுச் சாக்குப் போட்டு மூடினோம். மறுநாள் காலை அரை மெகா ஓம். சாயந்திரம் இரண்டைத் தாண்டியது. அப்புறம்தான் ஃபியூஸ் போட்டேன்.

அன்றைக்கு அங்கே சான்றிதழ் மட்டும் இருந்து நான் இல்லாமல் போயிருந்தால் அந்த மெக்கரை யார் சுற்றியிருப்பார்?

6 ஜூன்

சேலத்து அண்ணன் ஒருவர், "வயர்மேனே மெக்கர் சுற்றுவாரே, அதற்கு எதற்கு சூப்பர்வைசர்?" என்று கேட்கிறார். நல்ல வயர்மேன் கட்டாயம் சுற்றுவார் அண்ணா. என்னைவிட நன்றாகக் கம்பி இழுப்பவர்கள், காதால் கேட்டே பேரிங் போனதைச் சொல்பவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். ஆனால் ஓனர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல தினக்கூலி ஆளால் எப்படி முடியும்? மறுநாள் வேலை போய்விடும். சட்டம் அந்தச் சுமையை சூப்பர்வைசர் தோளில் வைத்திருக்கிறது, அதற்குத்தான் கையெழுத்து. சூப்பர்வைசர் சைட்டில் இல்லையென்றால் அந்தச் சுமை வயர்மேன் மேல் இறங்கும். அவர் தாங்கமாட்டார், தாங்கச் சொல்வதும் அநியாயம்.

8 ஜூன்

தகுதி பற்றித் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். மொத்தமாக இங்கேயே.

தமிழ்நாட்டில் சான்று கொடுப்பது சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். ஈ.பி. ஆபீஸ் இல்லை. அங்கே உள்ள ஜே.இ.யை, இளநிலைப் பொறியாளரைப் பார்த்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று தருமபுரியில் இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், கிடைக்காது. அதேபோல மின் ஆய்வாளரும் மின்வாரிய ஊழியர் இல்லை. அரசின் தனித்துறை.

மூன்று படி. வயர்மேன் ஹெல்பர், வயர்மேன், சூப்பர்வைசர். பேச்சு வழக்கில் ஹெச் லைசென்ஸ், பி லைசென்ஸ், சி லைசென்ஸ். மின் பிரிவில் பட்டமோ டிப்ளமோ முடித்து, படிப்புக்குப் பிந்தைய அனுபவச் சான்றோடு போனால் சூப்பர்வைசர் சான்று. படிப்பு மட்டும் போதாது, அனுபவம் மட்டும் போதாது, இரண்டும் வேண்டும். எத்தனை வருட அனுபவம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் மாறக்கூடியது. விண்ணப்பிக்கிற அன்றைக்கு வாரியத்தின் அறிவிப்பில் என்ன இருக்கிறதோ அதையே பாருங்கள், ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

மெக்கானிக்கல் டிப்ளமோ வைத்துக்கொண்டு பத்து வருடமாகப் பேனல் வேலை பார்க்கிறேன் என்று எழுதிய ராயக்கோட்டை நண்பருக்கு: உங்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் படிப்பு வழியாக வர மின் பிரிவுப் படிப்புதான் வேண்டும்.

சான்றிதழ் வாங்கிவிட்டு பீரோவில் வைத்து மறந்துவிடாதீர்கள். காலாவதித் தேதி உண்டு, புதுப்பிக்கவேண்டும்.

11 ஜூன்

எர்த். இதை எழுதாமல் விட்டால் இந்தப் பக்கத்து சூப்பர்வைசர் வேலையைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

நம்ம மண்ணுக்கு அடியில் பாறை. கிருஷ்ணகிரியில் மூன்றடி தோண்டினால் பல இடத்தில் கடப்பாரை 'ணங்'கென்று திரும்பும். எர்த்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043-ல் பைப் எர்த் என்றால் இரண்டரை மீட்டர் நீளம். அந்தப் பைப்பை எங்கே இறக்குவது? ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா, பைப்பை பாதியில் அறுத்து நட்டு, மேலே தொட்டி கட்டி, மூடி போட்டு, பச்சைப் பெயிண்ட் அடித்து 'எர்த் பிட் 1' என்று எழுதிவிடுவார்கள். பார்க்க அம்சமாக இருக்கும்.

அந்த எர்த் 40 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஹீட்டர் பாடிக்கு பேஸ் வந்துவிட்டது. 230-ஐ 40-ஆல் வகுத்தால் சுமார் 5.75 ஆம்பியர். கரண்ட் அளவு மீறினால் தானே இறங்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்று நினைத்துச் சும்மா இருக்கும். ஹீட்டர் பாடி உயிரோடு நிற்கும், ட்ரிப் ஆகாது. எம்.சி.பி. போட்டிருக்கிறோம், எர்த் போட்டிருக்கிறோம், பிறகு எப்படி ஷாக் அடித்தது என்று வீட்டுக்காரர் கேட்பார்.

அதே வீட்டில், கசிவைப் பார்த்து இறங்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால், 5 ஆம்பியர் வேண்டாம், அதில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலே தூக்கிவிடும். பாறை மண்ணில் அது ஆடம்பரம் இல்லை, அதுதான் முதல் காவல். எர்த்தைச் சுருக்கிக்கொள்ள அதைச் சாக்காக்கவும் கூடாது, ஆர்.சி.சி.பி.யின் உள்ளே இயங்கும் பாகம் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் மிச்சம் இருப்பது எர்த் மட்டும்தான். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பாறையில் என்ன செய்வது? ஆழம் போகவில்லை என்றால் அகலம் போகவேண்டும். நீளமாக வாய்க்கால் வெட்டி ஜி.ஐ. பட்டையைப் படுக்கவைக்கலாம். பல எலக்ட்ரோடுகளை, அதாவது மண்ணில் இறக்கும் எர்த் பைப்புகளை, இணைக்கலாம். ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எலக்ட்ரோடு நீளத்தில் இரண்டு மடங்காவது இடைவெளி வேண்டும், நெருக்கி நட்டால் பயன் குறைவு. பட்ஜெட் இருந்தால் போர் வண்டியை வைத்தே துளை போட்டு, ராடை இறக்கி பென்டோனைட் களிமண் நிரப்புவது நம்ம ஊருக்கு ஏற்ற வழி. உப்பும் கரியும் போட்டால் கொஞ்ச நாள் நன்றாகக் காட்டும். பிறகு மழையில் உப்பு கரைந்துவிடும், பைப்பையும் அரித்துவிடும்.

அளப்பதென்றால் மே மாதம் அளந்து பாருங்கள். ஐப்பசி மழையில் அளந்த ரீடிங்கை நம்பி வருடம் பூராவும் இருக்கமுடியாது.

11 ஜூன், சற்று கழித்து

அளக்கும் முறையையும் கேட்டுவிட்டார்கள். எர்த் டெஸ்டர் கருவியால் அளப்பது, அதோடு வரும் இரும்பு முளைதான் ஸ்பைக். எலக்ட்ரோடை லிங்க் கழற்றித் தனியாக்கு. கழற்றும் முன் மெயின் ஆஃப். கரண்ட் ஸ்பைக்கை தூரத்தில் அடி, பொட்டென்ஷியல் ஸ்பைக்கை அந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட 62 சதவீதத்தில் அடி. பிறகு நடு ஸ்பைக்கைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி மறுபடி பார். மூன்று ரீடிங்கும் ஒட்டிவந்தால் நம்பு. ஒட்டவில்லை என்றால் கரண்ட் ஸ்பைக்கை இன்னும் தள்ளிக் கொண்டுபோ. ஸ்பைக் அடிக்கிற இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்று, அது நியாயம்தான். எர்த் பிட்டில் அளப்பதற்கு முன் நாலு குடம் ஊற்றுவது மோசடி.

14 ஜூன்

கிரானைட் பற்றிக் கேட்டவருக்கு ஒரு முக்கியமான விஷயம். பாலிஷ் யூனிட் வேறு, குவாரி வேறு. பாலிஷ் யூனிட் சட்டப்படி தொழிற்சாலை, மாநில மின் ஆய்வாளர் பார்ப்பார். குவாரி சட்டப்படி சுரங்கம். அங்கே மின் ஆய்வு மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் கீழ் வரும், டி.ஜி.எம்.எஸ். என்பார்கள். சுரங்கத்துக்கென்று தனி சூப்பர்வைசர் தகுதியும் உண்டு. பாலிஷ் யூனிட் சூப்பர்வைசரை அப்படியே குவாரிக்கும் கையெழுத்துப் போடச் சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஒரே ஓனர், ஒரே காம்பவுண்டு என்பதால் சட்டம் ஒன்றாகிவிடாது.

குவாரியில் இழுத்துப் போகிற கேபிள்தான் பெரிய தலைவலி. கல் மேலே விழும், வண்டி ஏறும், தண்ணீரில் கிடக்கும். ஜாயின்டை இன்சுலேஷன் டேப் சுற்றி முடித்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

17 ஜூன்

மேலே 3-ம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். கொடுக்காதே என்பதில் மாற்றமில்லை. ஆனால் கொடுக்கிற எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ட்ரிபிள் ஈ படித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் லேபராக நிற்கிற பையன்கள் எத்தனை பேர். வீட்டில் கல்விக் கடன், தங்கைக்குக் கல்யாணம். அவனிடம் ஒருவர் வந்து உட்கார்ந்த இடத்தில் பணம் தருகிறேன் என்றால் கை நீளத்தான் செய்யும். குற்றம் பெரும்பாலும் கேட்கிறவரிடம். ஒரு சூப்பர்வைசரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாதவர் எதற்காக அந்த வேலையை எடுக்கிறார்? டெண்டரில் அடிமாட்டு விலை போட்டு எடுத்துவிட்டு முதலில் வெட்டுவது சூப்பர்வைசர் சம்பளத்தை, அடுத்து எர்த்தை. இரண்டுமே வெளியே தெரியாதவை.

17 ஜூன், இரவு

"எல்லாரும் பண்றாங்க" என்பதற்கு: இல்லை. இந்த மாவட்டங்களில் தானே மெக்கர் தூக்கிக்கொண்டு சைட்டுக்குப் போகிற சூப்பர்வைசர்களை எனக்கு நேரில் தெரியும். அவர்கள் பெயர் வெளியே வராது, அவர்கள் வேலையில் ஒன்றும் நடப்பதில்லை என்பதால்.

23 ஜூன்

பென்னாகரம் பக்கமிருந்து ஒரு அண்ணன் ஜெனரேட்டர் பற்றிக் கேட்டார். கல்யாண மண்டபத்துக்கு டி.ஜி. செட் வைக்கிறாராம், ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டாம், கரண்ட் போனால் மெயினை இறக்கிவிட்டு நேராக மாட்டிக்கொள்கிறோம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

வேண்டவே வேண்டாம் அண்ணா. என்றைக்காவது ஒருநாள் மெயினை இறக்க மறந்துவிடுவார்கள், கல்யாண அவசரத்தில் கட்டாயம் மறப்பார்கள். உங்கள் ஜெனரேட்டர் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாகப் பின்னால் போகும். டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாக ஏற்றி ஹெச்.டி. என்கிற உயர் அழுத்த லைனுக்கே அனுப்பும். அங்கே லைன்மேன், லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பார். கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கிற நாலு போல் சேஞ்ச்ஓவர் போடுங்கள். ஈ.பி.யும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி அதன் அமைப்பே இருக்கவேண்டும், ஆளின் ஞாபகத்தை நம்பி இருக்கக்கூடாது.

இதோடு எல்.சி., அதாவது லைனில் வேலை செய்யக் கொடுக்கும் லைன் கிளியர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போனில் "ஆஃப் பண்ணிட்டேன், ஏறிக்கோ" என்பது எல்.சி. இல்லை. பிரித்தாயா, பூட்டுப் போட்டாயா, சாவி வேலை செய்கிறவன் பாக்கெட்டில் இருக்கிறதா, போர்டு தொங்குகிறதா, டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு லைனில் வைத்து, மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்தாயா, எர்த் ராடு மாட்டினாயா. இத்தனையும் முடிந்த பிறகுதான் கை. கெபாசிட்டர் பேனல் என்றால் மெயின் இறங்கிய பிறகும் சார்ஜ் நிற்கும், அதை மறந்து உள்ளே கையை நுழைத்தவர்கள் உண்டு.

30 ஜூன்

மின்வேலி. ஒரு தம்பி தனியாக மெசேஜ் அனுப்பியிருந்தார், பதிலைப் பொதுவில் எழுதுவது நல்லது.

பாலக்கோடு, மாரண்டஹள்ளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கமெல்லாம் யானையும் பன்றியும் வயலில் இறங்கும். ராகிக் கதிர் முற்றும்போது விவசாயிக்குத் தூக்கம் கிடையாது, அந்த வலி எனக்குத் தெரியும், என் மாமனார் ஊரும் காட்டோரம்தான். ஆனால் மோட்டார் ஸ்டார்டரிலிருந்து ஒரு பேஸை எடுத்து நேராக வேலிக் கம்பியில் விடச் சொன்னால், சான்று உள்ளவனோ இல்லாதவனோ யாரும் செய்யக்கூடாது. குற்றம் என்பது ஒருபக்கம், உயிர் இன்னொரு பக்கம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படி வைத்த வேலியில் மூன்று யானைகள் செத்தன. தாயை இழந்து இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. யானை மட்டுமா, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆட்களும் அதே கம்பியைத்தான் தாண்டுகிறார்கள்.

சோலார் வேலி எனர்ஜைசர் வேறு சரக்கு. அதில் வருவது விட்டுவிட்டு வரும் நொடிக்கும் குறைவான துடிப்பு, வலிக்கும், விரட்டும், பிடித்து வைத்துக் கொல்லாது. தரச்சான்று உள்ள எனர்ஜைசர், வனத்துறை அனுமதி, எச்சரிக்கைப் பலகை, அதற்கென்று தனி எர்த். இதற்கு ஆள் வேண்டும் என்றால் நானே வந்து பார்த்துக் கொடுக்கிறேன்.

2 ஜூலை

கிராமத்தில் திடீரென்று டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் புகைந்தது ஏன் என்ற கேள்விக்கு: டிரான்ஸ்பார்மர் பக்கமோ கம்பத்திலோ நியூட்ரல் அறுந்திருக்கும். நியூட்ரல் போனால் இரண்டு பேஸுக்கு நடுவே வீடுகள் வரிசையாக மாட்டிக்கொள்ளும். லோடு குறைவான வீட்டுக்கு வோல்டேஜ் 230-ஐத் தாண்டி ஏறும். டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் கேட்பது இதற்கெல்லாம் சேர்த்துத்தான். உடனே மின்வாரியத்துக்குப் புகார் கொடுங்கள், அதுவரை மெயினை இறக்கி வையுங்கள்.

7 ஜூலை

அரூரிலிருந்து ஒரு அக்கா தன் தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். பத்தாவதோடு நின்றவர், ஐ.டி.ஐ. போகவில்லை, வருடக்கணக்காக வயரிங் வேலை செய்கிறார், இனி ஏதாவது வழி உண்டா என்று.

உண்டு அக்கா. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அரசு ஐ.டி.ஐ.களில் நடத்துகிறார்கள். ஐந்து வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவமும், 21 வயது நிறைவும் கேட்பார்கள். அறிவிப்பு வரும்போது தினசரிகளில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பதிப்பிலேயே போடுவார்கள். தருமபுரி அரசு ஐ.டி.ஐ.யில் நேரில் விசாரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அனுபவச் சான்றை உரிமம் உள்ள கான்ட்ராக்டரிடம், தான் உண்மையில் வேலை பார்த்தவரிடமே வாங்கட்டும், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

தேர்வுக்கு முன் மூன்று விஷயம் கையில் வந்திருக்கவேண்டும். டூ வே சுவிட்ச் இணைப்பைத் தாள் பார்க்காமல் வரைவது, சிங்கிள் பேஸ் போர்டில் ஆர்.சி.சி.பி.யை நியூட்ரல் கலக்காமல் கட்டுவது, மெக்கரைப் பிடித்து ரீடிங் சொல்வது. மூன்றாவதற்கு மெக்கர் கிடைக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்கு வரச் சொல்லுங்கள். என்னிடம் இருக்கிறது, பழைய கை சுற்றும் வகை. உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம்.